பாட்டு எங்கே தொடங்க வேண்டும்? 18ஆம் நூற்றாண்டு ஓபராவில் கவிஞரும் இசையமைப்பாளரும்

‘ஃபிகாரோவின் திருமணம்’ யாருடைய ஓபரா (பாடி நடிக்கும் இசை நாடகம்) என்று கேட்டால் மொசார்ட் என்று பட்டென்று பதில் வரும். அதன் கவிஞர் லொரென்சோ டா பொன்டே. இந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ‘வரிகள் எழுதிக் கொடுத்தவர்’ என்று ஒரே வாக்கியத்தில் அவரை முடித்துவிடுவார்கள்.

இன்னும் கொஞ்சம் படித்தவர்களிடம் ஒரு மேற்கோள் தயாராக இருக்கும். ஓபராவில் கவிதை இசைக்குக் கீழ்ப்படிந்த மகளாக இருக்க வேண்டும் என்று மொசார்ட்டே எழுதிவிட்டார், ஆகவே வார்த்தை முக்கியமில்லை என்பார்கள். அதே நூற்றாண்டில் க்ளுக் என்ற இசையமைப்பாளர் இதற்கு நேர் எதிராக, இசைதான் கவிதைக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்றார். உடனே பேச்சு ‘வார்த்தை பெரிதா, இசை பெரிதா’ என்ற பட்டிமன்றமாகிவிடுகிறது.

இந்தக் கேள்வி எனக்கு எதையும் விளக்கியதில்லை. இருவரும் உண்மையில் என்ன வேலை செய்தார்கள், ஒருவர் வேலை எந்த இடத்தில் மற்றவர் வேலையைத் தொட்டது என்று பார்த்தபோதுதான் இந்த இசையே எனக்குப் பிடிபட்டது. அதை அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். இத்தாலிய மொழியோ மேற்கத்திய இசையோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## பாடலாசிரியர் என்றால் பாதிதான் சரி

நமக்கு நன்றாகத் தெரிந்தது சினிமாப் பாட்டு. இயக்குநர் காட்சியைச் சொல்வார். மெட்டுக்கு வரி எழுதுவதும் உண்டு, வரிக்கு மெட்டுப் போடுவதும் உண்டு. எப்படியானாலும் பாடலாசிரியர் வந்து உட்காரும்போது ‘இங்கே ஒரு பாட்டு வரும்’ என்பது முடிவாகியிருக்கும்.

18ஆம் நூற்றாண்டின் ஓபராக் கவிஞருக்கு அப்படி யாரும் காட்சி சொல்வதில்லை. இத்தாலிய ஓபராவில் பேச்சு உட்பட எல்லாமே பாடப்படும். அதனால் கதை, காட்சிப் பிரிவு, உரையாடல், பாடல் எல்லாமே அவர் கையில்தான். பல அரங்குகளில் யார் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று நடிகர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அரங்கத்துக் கவிஞரின் பொறுப்பு.

அவர் எழுதும் முழு நாடகத்துக்கு லிப்ரெட்டோ என்று பெயர். இத்தாலிய மொழியில் ‘சின்னப் புத்தகம்’ என்று பொருள். அதை அச்சடித்து விற்பார்கள். அன்றைய அரங்குகளில் நாடகம் நடக்கும்போது விளக்குகளை அணைக்கும் வழக்கமில்லை. பார்வையாளர்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம்.

ஆக, எந்தக் கணம் பேச்சாகப் போகும், எந்தக் கணம் பாட்டாக மலரும், யார் தனியாகப் பாடுவார், எந்த இடத்தில் நான்கு பேர் சேர்ந்து பாடுவார்கள் என்பதெல்லாம் முதலில் லிப்ரெட்டோவில் தீர்மானமாகிறது. இசையமைப்பாளர் ஒரு ஸ்வரம் எழுதும் முன்பே இசைக்கான வரைபடம் அவர் மேசைக்கு வந்துவிடுகிறது.

## நேரம் ஓடும் இடம், நேரம் நிற்கும் இடம்

வீட்டில் ராத்திரி பத்து மணிக்குத் தொலைபேசி அடிக்கிறது. ‘யாரு? எப்போ? எந்த ஆஸ்பத்திரி? கூட யார் இருக்காங்க?’ என்று வார்த்தைகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வார்த்தையும் செய்தி, எதையும் இரண்டு தடவை சொல்வதில்லை. பேச்சு முடிகிறது. போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறோம். புதிதாக எதுவும் நடக்கவில்லை. ஒரே நினைப்பு மனதுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. கடிகாரத்தில் அது ஒரு நிமிடமாக இருக்கலாம், உள்ளே அதற்கு அளவே கிடையாது.

ஓபரா இந்த இரண்டையும் தனித்தனி இசையாகப் பிரித்து வைத்தது. செய்தி ஓடும் பகுதிக்கு ரெசிட்டாட்டிவ் என்று பெயர். பேசுவது போலவே பாடுவது. கட்டான தாளம் இருக்காது, பெரும்பாலும் ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகை வாத்தியமும் ஒரு கம்பி வாத்தியமும் மட்டும் அடியில் தாங்கிப் பிடிக்கும். தாளமில்லாமல் பாடுவது என்றால் நமக்கு விருத்தம் நினைவுக்கு வரும். விருத்தம் நின்று நிதானித்துப் போகும், ரெசிட்டாட்டிவ் பேச்சின் வேகத்தில் ஓடும்.

மனம் ஒரே இடத்தில் சுற்றும் பகுதிக்கு ஆரியா என்று பெயர். தாளம், மெட்டு, முழு வாத்தியக் குழு எல்லாம் சேர்ந்து ஒருவர் தனியாகப் பாடும் பாட்டு. எட்டு வரிக் கவிதையை ஐந்தாறு நிமிடம் பாடுவார்கள். ‘ஏன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள்?’ என்று புதிதாகக் கேட்பவர்கள் சலிப்பது இங்கேதான். கதை அங்கே நகரவில்லை, நகர வேண்டியதும் இல்லை. போனை வைத்த பிறகான அந்த நிமிடத்தை இசை விரித்துக் காட்டுகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ரெசிட்டாட்டிவ் கதையை நகர்த்துகிறது, ஆரியா கதையை நிறுத்தி மனதைக் காட்டுகிறது. எங்கே நிறுத்துவது என்பது கவிஞரின் முடிவு. நிறுத்திய இடத்தில் எவ்வளவு நேரம், எந்த நிறத்தில் நிற்பது என்பது இசையமைப்பாளரின் முடிவு.

## யாப்பு மாறினால் இசை மாறும்

இந்த முடிவைக் கவிஞர் எப்படித் தெரிவிப்பார்? ‘இங்கே ஆரியா’ என்று ஓரத்தில் குறிப்பு எழுதத் தேவையே இல்லை. கவிதையின் யாப்பிலேயே அது இருக்கும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

ஒருவர் அகவலில் எழுதிக்கொண்டே வந்து திடீரென்று சிந்துக்கு மாறினால், வாசிக்கிற நமக்கே காலால் தாளம் போடத் தோன்றும். இத்தாலியக் கவிதையிலும் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ரெசிட்டாட்டிவுக்கான வரிகள் ஏழு அசை, பதினோரு அசை என்று கலந்து வரும். எதுகை இயைபு கட்டாயமில்லை. பேச்சுக்கு மிக நெருக்கமான நடை அது. ஆரியா வந்தால் வரிகள் ஒரே அளவுக்கு மாறிவிடும். ஐந்தசை என்றால் எல்லாம் ஐந்தசை, எட்டசை என்றால் எல்லாம் எட்டசை. வரிகளின் முடிவில் இயைபு வரும். ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியும் அழுத்தமான அசையில் டக்கென்று முடியும். இசைப் பகுதி முடிந்து உட்கார அந்த அழுத்தம் ஒரு படி போல உதவும்.

‘ஃபிகாரோ’விலிருந்தே ஒரு உதாரணம். பிரபு ஒருவர் தன் வேலைக்காரன் ஃபிகாரோவின் வருங்கால மனைவிமேல் கண் வைத்திருக்கிறார். அது ஃபிகாரோவுக்குத் தெரியவருகிறது. முதலில் ரெசிட்டாட்டிவில் தனக்குத்தானே பேசிக் கணக்குப் போடுகிறான். அப்புறம் வரிகள் குறுகுகின்றன:

செ வுவோல் பல்லாரே
சின்யோர் கொந்தீனோ
இல் கித்தர்ரீனோ
லே சுவொனெரோ

‘நீங்கள் ஆட விரும்பினால், பிரபுவே, கிதாரை நான் வாசிக்கிறேன்’ என்பது பொருள். உரக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் மூன்று வரியும் ஐந்து ஐந்து அசை. நான்காவது வரியில் ஓர் அசை குறைந்து, கடைசி ‘ரோ’வில் அழுத்தம் விழுகிறது. எழுதிய தாளில் ஒரு சுருதிகூட இல்லை, ஆனாலும் தாளம் கேட்டுவிடுகிறது.

மொசார்ட் இதற்கு மூன்று எண்ணிக்கையில் நடக்கும் மினுவெட் நடையைக் கொடுத்தார். மினுவெட் என்பது அரண்மனைக்காரர்கள் ஆடும் நிதானமான நடனம். வேலைக்காரன் எஜமானின் நடனத்திலேயே எஜமானை மிரட்டுகிறான். வில்லால் இழுக்கும் வாத்தியங்களை விரலால் மீட்டச் சொல்லிக் கிதாரின் ஒலியையும் கொண்டுவந்தார். ‘ஆடு’ என்ற சொல்லும் ஐந்தசை நடையும் டா பொன்டே கொடுத்தவை. எந்த ஆட்டம் என்பதை மொசார்ட் கண்டுபிடித்தார். கூட்டு வேலை என்பதை ஒரே இடத்தில் காட்டச் சொன்னால் நான் இந்த நான்கு வரியைத்தான் காட்டுவேன்.

## கவிஞர் ராஜாவாக இருந்த காலம்

அந்த நூற்றாண்டின் முற்பாதியில் பெரிய பெயர் கவிஞருடையதுதான். பியெத்ரோ மெட்டாஸ்டாசியோ 1730இல் வியன்னா அரசவைக் கவிஞராகப் போய், 1782இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவருடைய ‘அர்த்தசெர்செ’ என்ற லிப்ரெட்டோவுக்கு மட்டும் 80க்கும் மேற்பட்ட தடவை வெவ்வேறு இசையமைப்பாளர்கள் இசையமைத்தார்கள். ‘ஒலிம்பியாதே’க்கு 1733இல் கால்தாரா, 1734இல் விவால்டி, 1735இல் பெர்கொலேசி என்று அடுத்தடுத்து மூன்று வருடம் மூன்று இசை. ஒரே நாடகத்தை அடுத்த இசையமைப்பாளர் என்ன செய்திருக்கிறார் என்று கேட்க மக்கள் வந்தார்கள்.

இப்படிப்பட்ட கவிஞர் இசையமைப்பாளருக்கு எப்படி எழுதுவார்? ஹாஸ்ஸெ என்பவருக்கு 1749இல் அவர் எழுதிய நீண்ட கடிதம் இருக்கிறது. ‘அத்திலியோ ரெகோலோ’வின் ஒவ்வொரு பாத்திரமும் எப்படிப்பட்ட மனிதர், எந்த ரெசிட்டாட்டிவில் வாத்தியக் குழு சேர வேண்டும், எங்கே சேரக் கூடாது என்றெல்லாம் அதில் சொல்லிக்கொண்டே போகிறார். பணிவான கடிதம்தான், ஆனால் இசையின் எலும்புக்கூடு அதில் வந்துவிடுகிறது.

அதே சமயம் கவிஞரையும் கட்டிப் போட்டவர்கள் உண்டு. அவர்கள் பாடகர்கள். அந்தக் கால ஆரியா பெரும்பாலும் டா காப்போ வடிவம். முதல் பத்தி, மாறுபட்ட இரண்டாம் பத்தி, மறுபடி முதல் பத்தி. நாம் பல்லவிக்குத் திரும்புவது போலத்தான், ஆனால் திரும்பி வரும்போது பாடகர் தன் திறமை முழுவதையும் சங்கதிகளாகக் கொட்டுவார். பாடி முடித்ததும் மேடையை விட்டு வெளியேறுவார். கைதட்டல் எழும். அதனால் ஒவ்வொரு ஆரியாவுக்குப் பிறகும் அந்தப் பாத்திரம் வெளியே போவதற்கு ஒரு காரணத்தைக் கவிஞர் கதைக்குள் வைக்க வேண்டும்.

யாருக்கு எத்தனை ஆரியா என்பதற்கும் கணக்கு இருந்தது. பின்னாளில் பெரிய நாடக ஆசிரியரான வெனிஸ் நகரத்துக் கார்லோ கொல்தோனி இருபதுகளில் இருந்தபோது ‘அமலசுந்தா’ என்ற லிப்ரெட்டோவை எழுதி மிலானுக்கு எடுத்துப் போனார். பாடகர்கள் இருந்த கூட்டத்தில் வாசித்தார். அங்கேதான் அவருக்கு விதிகள் தெரியவந்தன. முக்கியமான மூவருக்கும் ஆளுக்கு ஐந்து ஆரியா, கீழே போகப்போகக் குறையும், ஒரே மாதிரி ஆரியாக்கள் அடுத்தடுத்து வரக் கூடாது. தங்கும் அறைக்குத் திரும்பிப் பிரதியைத் தீயில் போட்டதாக அவரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இந்தக் கொல்தோனி திரும்பி வருவார், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கம்: முற்பாதியில் லிப்ரெட்டோ முதலில் முழுதாக எழுதப்பட்டது, இசை பிறகு வந்தது. கவிஞரும் இசையமைப்பாளரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே ஓபரா உருவாக முடிந்தது, ஏனென்றால் விதிகள் இருவருக்கும் மனப்பாடம்.

## ஆரியாக்களைக் குறைத்த ஜோடி

1762ஆம் ஆண்டு அக்டோபர் 5 அன்று வியன்னாவில் ‘ஒர்ஃபேயோ’ மேடையேறியது. இசை க்ளுக், லிப்ரெட்டோ ரனியேரி தெ கால்சபீஜி. இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் போகும் பாடகனின் கதை. பாத்திரங்கள் மூன்றே மூன்று. கிளைக்கதை கிடையாது. மனைவியின் சமாதி அருகே கூட்டம் ஒப்பாரி பாட, அதன் நடுவே கணவன் அவள் பெயரை மட்டும் கூப்பிடுகிறான். அப்படித்தான் ஓபரா தொடங்குகிறது.

இதை ‘க்ளுக்கின் சீர்திருத்தம்’ என்பார்கள். ஆனால் மூன்று பாத்திரம் போதும், வெளியேறும் ஆரியா வேண்டாம் என்பதெல்லாம் லிப்ரெட்டோவில் எடுக்கப்பட வேண்டிய முடிவுகள். கவிஞர் கதையை அப்படிக் கட்டாவிட்டால் இசையமைப்பாளரால் ஒன்றும் செய்ய முடியாது. இசை கவிதைக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்ற புகழ்பெற்ற வாசகம், இருவரும் சேர்ந்து செய்த ‘அல்செஸ்தே’யின் அச்சுப் பிரதிக்கு 1769இல் வந்த முன்னுரையில் இருக்கிறது. கையெழுத்து க்ளுக்குடையது. எழுதியது கால்சபீஜியாகத்தான் இருக்கும் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 1784இல் கால்சபீஜி, தான் கவிதையை உரக்க வாசித்துக் காட்டி, ஏற்ற இறக்கங்களைக் குறித்துக் கொடுத்தே க்ளுக்குக்கு வழிகாட்டியதாகப் பகிரங்கமாக எழுதினார்.

## ஒரு மகன், ஒரு அப்பா, ஒரு பாதிரியார்

கவிஞரும் இசையமைப்பாளரும் எப்படித் தகராறு பண்ணிக்கொண்டார்கள் என்பது நமக்கு நேரடியாகக் கிடைப்பது அபூர்வம். ஒரே ஊரில் இருந்தால் வாயால் பேசி முடித்துவிடுவார்கள். நம் நல்ல காலம், 1780ஆம் ஆண்டின் இறுதியில் மொசார்ட் மூனிச்சில் இருந்தார், ‘இதொமெனேயோ’வின் கவிஞர் வரெஸ்கோ சால்ஸ்பர்க்கில் இருந்தார். வரெஸ்கோ அங்கே அரசவையில் பணியாற்றிய பாதிரியார். மொசார்ட்டுக்கு வயது 24. நடுவில் தூது போனவர் அப்பா லெயோபோல்ட். மகன் அப்பாவுக்கு எழுதுவார், அப்பா பாதிரியாரிடம் போய்ச் சொல்லுவார். அந்தக் கடிதங்களைப் போல இந்த விஷயத்தைத் தெளிவாகக் கற்றுத்தரும் வேறு எதையும் நான் படித்ததில்லை.

நவம்பர் 8ஆம் தேதிக் கடிதத்தில் மொசார்ட் ஓர் ஆரியாவைப் பற்றி எழுதுகிறார். இலியா என்ற இளவரசி, தன்னைச் சிறைப்பிடித்த நாட்டின் அரசனிடம் ‘என் தந்தையை இழந்தேன், உங்களில் அவரைக் காண்கிறேன்’ என்று பாடும் இடம். வரிகள் அருமை என்கிறார். ஆனால் நடுவில் அவள் தனக்குள் சொல்லிக்கொள்வது போல ஒரு வாக்கியம் வருகிறது, அது வேண்டாம் என்கிறார். ஏன்? பேச்சில் ஒருவர் முகத்தைத் திருப்பி முணுமுணுத்துவிட்டுப் போகலாம், இயல்பாக இருக்கும். ஆரியாவில் வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும். முணுமுணுப்பையும் நான்கு தடவை பாட வேண்டியிருக்கும். எதிரில் நிற்பவருக்குக் கேட்கக் கூடாத ஒன்றை எப்படி நான்கு தடவை பாடுவது?

தாளில் படிக்கும்போது அந்தக் கவிதையில் எந்தக் குறையும் தெரியாது. நேரம் நிற்கும் இடத்தில் நேரம் ஓடும் இடத்துக்கான உத்தியைப் பாதிரியார் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்தது ராஃப் என்ற பாடகர். அரசன் இதொமெனேயோவாகப் பாடப் போகிறவர், வயது 66. டிசம்பர் 27ஆம் தேதிக் கடிதத்தில் மொசார்ட் அவருடைய புகாரைச் சொல்கிறார். கடைசி ஆரியாவில் ‘வியென்மி ஆ ரின்விகொரீர்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. ஐந்து இகரம்! பாடிப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். வாயைத் திறந்து அகாரமாகப் பாடினால் குரல் தாராளமாக வரும். இகரத்தில் வாய் ஒடுங்கிவிடும். பாட்டின் முடிவில் குரலை நீட்டி நிறுத்த வேண்டிய இடத்தில் இத்தனை இகரம் வந்தால் வயதான பாடகர் என்ன செய்வார்? ராஃப் சொல்வது நியாயம்தான் என்று மொசார்ட் ஒத்துக்கொள்கிறார். ஓபராக் கவிஞர் ஒரு சொல்லின் பொருளை மட்டும் பார்த்தால் போதாது, அது எந்தத் தொண்டையிலிருந்து வரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தெய்வ வாக்கு. கதையின் உச்சத்தில் நிலத்தடியிலிருந்து ஒரு குரல் எழுந்து தீர்ப்புச் சொல்கிறது. வரெஸ்கோ அதை நீளமாக எழுதியிருந்தார். நவம்பர் 29 அன்று மொசார்ட் கேட்கிறார்: அந்தக் குரல் பயமுறுத்த வேண்டும், நிஜம் என்று நம்ப வைக்க வேண்டும், நீளமாகப் பேசினால் கேட்பவர்கள் மெல்ல மெல்ல ‘இது ஒன்றுமில்லை’ என்று தெளிந்துவிட மாட்டார்களா? ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஆவியின் பேச்சு அவ்வளவு நீளமாக இல்லாவிட்டால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். பேச்சு குறைக்கப்பட்டது, மறுபடியும் குறைக்கப்பட்டது. 1781 ஜனவரி 29 அன்று ஓபரா மேடையேறுவதற்குச் சில நாள் முன்பு வரை வெட்டல் நடந்தது.

சுருக்கமாகச் சொன்னால், மொசார்ட் கேட்ட மாற்றங்கள் மூன்றும் இசையைப் பற்றியவை போலத் தோன்றினாலும் நாடகத்தைப் பற்றியவை. இந்தக் கணத்தில் இந்த மனிதர் இவ்வளவு நேரம் இப்படிப் பேசுவாரா என்பதுதான் அவர் ஒவ்வொரு தடவையும் கேட்ட கேள்வி.

## ‘கீழ்ப்படிந்த மகள்’ கடிதத்தில் மீதி என்ன இருக்கிறது

சரி, அந்த மேற்கோளுக்கு வருவோம். 1781 அக்டோபர் 13 அன்று அப்பாவுக்கு எழுதிய கடிதம். அப்போது மொசார்ட் வியன்னாவில் ஸ்டெஃபானி என்ற கவிஞரோடு ஒரு ஜெர்மன் ஓபராவில் வேலை செய்துகொண்டிருந்தார். ஸ்டெஃபானியின் கவிதை மட்டம் என்று அப்பா குறை சொல்லியிருந்தார். மகன் அதை மறுக்கவில்லை. ஆனால் முரட்டுக் காவல்காரன் ஒஸ்மினுக்கு அந்த முரட்டு வரிகள் பொருந்துகின்றன என்கிறார். அந்த விளக்கத்தின் நடுவில்தான் கீழ்ப்படிந்த மகள் வருகிறாள்.

அதே பத்தியை மேலே படித்தால், கதைக்கட்டு நன்றாக இருந்து, வார்த்தைகள் இசைக்காகவே எழுதப்பட்டிருந்தால் ஓபரா இன்னும் வெற்றி பெறும் என்கிறார். வெறும் இயைபுக்காக ஒரு சொல்லைத் திணித்துக் கருத்தையே கெடுக்கும் கவிஞர்கள்மேல்தான் அவருக்குக் கோபம். மேடையை அறிந்த நல்ல இசையமைப்பாளரும் திறமையான கவிஞரும் சந்திப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று சொல்லி, அப்படிப்பட்ட கவிஞரை ஃபீனிக்ஸ் பறவை என்கிறார். கவிஞர் வேண்டாம் என்பவர் இப்படி ஏங்குவாரா?

ஒஸ்மினின் ஆரியாவில் மெட்டு முந்திக்கொண்டது. ஸ்டெஃபானி ஒரு வரி எழுதும் முன்பே இசையின் பெரும்பகுதி தயார் என்று இரண்டு வாரம் முந்தைய கடிதத்தில் மொசார்ட் சொல்கிறார். மெட்டாஸ்டாசியோ காலத்து வரிசை தலைகீழாகிவிட்டது. இது அன்றே பேசுபொருள். 1786 பிப்ரவரி 7 அன்று வியன்னாவின் ஷோன்ப்ருன் அரண்மனையில் ‘முதலில் இசை, அப்புறம் வார்த்தை’ என்ற குட்டி ஓபராவே நடந்தது. இசை சாலியேரி, லிப்ரெட்டோ காஸ்தி. நான்கு நாளில் ஓபரா வேண்டும், இசை தயார், கவிஞர் அதற்குள் வார்த்தையை அடைக்க வேண்டும் என்பதுதான் கதை.

## டா பொன்டேயின் கத்தரிக்கோல்

அடுத்த மூன்று மாதத்தில் ‘ஃபிகாரோ’ வந்தது. மூலம் பொமார்ஷே எழுதிய பிரெஞ்சு நாடகம். பிரபுக்களைக் கேள்வி கேட்கும் அந்த நாடகத்தை வியன்னாவில் மேடையேற்றப் பேரரசர் இரண்டாம் ஜோசஃப் அனுமதிக்கவில்லை. ஓபராவாக்க அனுமதி கிடைத்தது, டா பொன்டே வெட்ட வேண்டியதை வெட்டியதால்.

ஐந்து அங்கம் நான்காயிற்று. பதினாறு பாத்திரம் பதினொன்றாயிற்று. மூலத்தில் ஃபிகாரோ பிரபுக்களின் பிறப்புரிமையைத் தாக்கிப் பேசும் நீண்ட தனிமொழி, ஓபராவில் பெண்களை நம்பாதீர்கள் என்று பொறாமையில் புலம்பும் ஆரியாவாக மாறியது. தணிக்கைக்குப் பயந்து செய்தது என்பது சரிதான். ஆனால் வாதங்களை அடுக்கும் பேச்சு நேரம் ஓடும் வகை என்பதையும் பாருங்கள். பொறாமை ஒரே இடத்தில் சுற்றும், ஆரியாவுக்கு ஏற்றது.

இப்போது கொல்தோனி திரும்பி வருகிறார். லிப்ரெட்டோவை எரித்தவர் பிறகு நகைச்சுவை ஓபரா பக்கம் போனார். அங்கே பாடகர் கணக்கு அவ்வளவு கறாராக இல்லை. வெனிஸில் கலுப்பி என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து 1750களில் ஒரு வடிவத்தை வளர்த்தார்: ஃபினாலே. அங்கத்தின் முடிவில் ரெசிட்டாட்டிவே இல்லாமல் தொடர்ந்து பாடிக்கொண்டே கதை நகரும் நீண்ட பகுதி. நேரம் ஓடுவதும் நிற்பதும் ஒரே இசைக்குள் வந்துவிட்டது. ஃபினாலே என்பது தனக்குள்ளேயே ஒரு சின்ன நாடகம், கதை இடம் கொடுக்காவிட்டாலும் எல்லாப் பாடகர்களையும் எப்படியாவது மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று டா பொன்டே தன் நினைவுக் குறிப்புகளில் இதை விவரிக்கிறார்.

‘ஃபிகாரோ’வின் இரண்டாம் அங்க ஃபினாலே சுமார் இருபது நிமிடம். அலமாரி அறைக்குள் ஓர் இளைஞன் ஒளிந்திருப்பதாக நம்பிப் பிரபு வாளோடு நிற்கிறார், மனைவி கெஞ்சுகிறாள். இரண்டு பேர். கதவு திறக்கிறது, வெளியே வருவது வேலைக்காரி சுசான்னா. மூன்று பேர். திருமணத்துக்கு நேரமாகிறது என்று ஃபிகாரோ நுழைகிறான். நான்கு. ஜன்னலிலிருந்து யாரோ குதித்துப் பூச்செடியை நசுக்கிவிட்டதாகத் தோட்டக்காரன் வருகிறான். ஐந்து. அவன் போனதும், ஃபிகாரோ தன்னை மணக்க வேண்டும் என்று உரிமை கோரும் மார்செல்லினா இரண்டு பேரோடு வருகிறாள். ஏழு.

ஒவ்வொருவர் நுழையும்போதும் பிரபுவின் கை ஓங்குகிறது அல்லது தாழ்கிறது. டா பொன்டே அங்கங்கே யாப்பை மாற்றுகிறார், மொசார்ட் தாளத்தையும் வேகத்தையும் மாற்றுகிறார். சுசான்னா வெளியே வரும் கணத்தைக் கேளுங்கள். வாளும் சத்தமுமாக எதிர்பார்த்த இடத்தில் இசை மிக மெதுவாக, மரியாதையான மினுவெட் நடையில் காலடி எடுத்து வைக்கிறது. கதவைத் திறக்க வைத்தது நாடகம். அதற்குப் பின் எல்லோரும் வாயடைத்து நிற்கும் அந்த அமைதியைக் கேட்க வைத்தது இசை.

ஆறு வாரத்தில், தான் எழுத எழுத மொசார்ட் இசையமைத்து முடித்ததாக டா பொன்டே சொல்கிறார். பல வருடம் கழித்து நியூயார்க்கில் எழுதியது, அவர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இருவரும் ஒரே ஊரில் இருந்ததால் ‘இதொமெனேயோ’ போன்ற கடிதங்கள் நமக்கு இல்லை. அரங்கம் கொடுத்த சம்பளம் தெரியும்: மொசார்ட்டுக்கு 450 குல்டன், டா பொன்டேக்கு 200.

## பழைய புத்தகம், புதிய ஓபரா

1791இல் பேரரசர் இரண்டாம் லெயோபோல்ட் பொஹீமிய அரசராகப் பிராகில் முடிசூடுகிறார். விழாவுக்கு ஓபரா வேண்டும். எடுத்துக்கொண்ட லிப்ரெட்டோ மெட்டாஸ்டாசியோ 1734இல் எழுதிய ‘தீத்தோவின் கருணை’. 57 வருடப் பழசு. ஒருவர் பாடுவார், வெளியேறுவார், அடுத்தவர் வருவார் என்ற பழைய கட்டமைப்பு. டா பொன்டே அதற்குள் வியன்னாவில் வேலை இழந்துவிட்டார். டிரெஸ்டன் அரசவையின் கவிஞர் மட்சோலா அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

மூன்று அங்கத்தை இரண்டாக்கினார். பல ஆரியாக்களை நீக்கினார். தனித்தனியாகப் பாடிவிட்டுப் போனவர்களை எதிரெதிரே நிறுத்தி ஒன்றாகப் பாட வைத்தார். முதல் அங்கத்தின் முடிவில் ரோமாபுரியின் கேபிடல் குன்று தீப்பற்றி எரிகிறது. மேடையில் ஐந்து பேர் நிற்கிறார்கள், தூரத்திலிருந்து மக்களின் அலறல் மட்டும் கேட்கிறது. அந்த ஃபினாலே மெட்டாஸ்டாசியோவின் புத்தகத்தில் இல்லை. மட்சோலா அதற்கு இடம் செய்து கொடுத்தார், மொசார்ட் அந்த இடத்தில் எழுதினார்.

தான் முடித்த படைப்புகளை மொசார்ட் ஒரு சொந்தக் குறிப்பேட்டில் வரிசையாகப் பதிந்து வந்தார். செப்டம்பர் 1791இல் இந்த ஓபராவைப் பதியும்போது ‘சின்யோர் மட்சோலாவால் உண்மையான ஓபராவாக ஆக்கப்பட்டது’ என்று தன் கைப்பட எழுதினார்.